பதினேழின் சாவி

“பதினேழுக்குச் சாவி வேணும்.”

இதை இசக்கியம்மாள் மேலதிகாரி தணிகைநாதனின் அறைக்குள் போய், கதவைச் சாத்திவிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தலையில் மாட்டியிருந்த மைக்கில், கட்டுப்பாட்டுக் கூடத்தின் பொது லைனில் கேட்டாள். அந்த லைனில் யார் பேசினாலும் பதிவாகும். பதிவு அப்படியே சென்னையில் இருக்கும் விண்வெளி அனுமதி ஆணையத்தின் மேசைக்குப் போகும். ராக்கெட் ஏவும் உரிமம் வாங்கும்போது வான்படி நிறுவனம் ஒப்புக்கொண்ட நிபந்தனை அது.

கூடத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். ஒருவரும் நிமிரவில்லை. நிமிராமல் இருக்க எவ்வளவு சிரமப்படுகிறார்கள் என்பது முதுகுகளிலேயே தெரிந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். லீவு கேள், சம்பள உயர்வு கேள், ஏசியைக் குறைக்கச் சொல்லிக் கேள். செத்த கலத்துக்குச் சாவி மட்டும் கேட்காதே. ஏன் என்று கேட்டாள். “எழவு வீட்டுக்குப் போய் செத்தவரை வெளிய வரச் சொல்வியாம்மா?” என்று சொல்லிச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். புது ஆள் சிரிக்காமல் என்ன செய்வாள்.

பக்கத்து இருக்கையில் ஜெரால்டு தன் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தான். மணப்பாட்டுக்காரன், அவளோடு ஒரே நாளில் சேர்ந்தவன். “ஏட்டி, கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு? பொது லைன்ல கேட்டுட்டியே!”

“பொது லைன்லதான் கேக்கணும்.”

“அப்ப தெரிஞ்சேதான் செஞ்சிருக்க.”

“பின்ன, தூக்கத்துலயா கேட்டேன்?”

காலை மணி பத்து ஐந்து. பதினேழு இந்தக் கூடத்தின் ஆன்டெனாவுக்கு மேலே வர இன்னும் அறுபத்தேழு நிமிடம் இருந்தது. அதற்குப் பிறகு அது இங்கே வரப்போவதில்லை. இன்றைக்குள் எங்கேயோ விழுந்துவிடும்.

பதினேழு என்பது வான்படி அனுப்பிய பதினேழாவது ஏவுகலத்தின் கடைசி அடுக்கு. மினி லாரி அளவுக்கு ஒரு உலோகக் கூடு. செயற்கைக்கோளைக் கொண்டுபோய் விட்டதோடு அதன் வேலை முடிந்தது. வேலை முடிந்த அடுக்கில் மிச்சம் இருக்கும் எரிபொருளை வெளியே திறந்துவிட்டுக் காலி செய்ய வேண்டும். இல்லையென்றால் அது மேலேயே வெடித்துச் சில்லுகளாகும். அல்லது நச்சுத் தொட்டியோடு கீழே வரும். அப்படிக் காலி செய்தாயிற்று, பதினேழு செத்தாயிற்று என்று மூன்று வருடங்களுக்கு முன் ஆணையத்துக்கு அறிக்கை போனது. அறிக்கையின் அடியில் கையெழுத்து: பே. இசக்கியம்மாள், பயிற்சிப் பொறியாளர்.

செத்த அந்தப் பதினேழு முந்தாநாள் பேசியது.

வெயில் பட்டால் விழித்துக்கொள்ளும் ஒரு சின்னச் சூரியத் தகடு அதன் முதுகில் இருந்தது. வேறு ஏதோ சோதனைக்காக ஒட்டியது. அதை எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள். இசக்கி வேறொரு கலத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது பழைய அலைவரிசையில் ஒரு முனகல் கேட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து அதைப் பிரித்தெடுத்தாள். தொட்டி எண்பது சதவீதம் நிறைந்திருந்தது. வெயில் சூட்டில் வால்வும் வேலை செய்தது. இயந்திரத்தை ஒரு முறை, ஒரே ஒரு முறை எரியவைக்கலாம்.

அதற்குத்தான் சாவி. தீப்பெட்டி அளவு கருவி. தணிகைநாதனின் கட்டைவிரல் பட்டு, மேசையில் செருகினால்தான் ஆன்டெனா மேலே கட்டளை அனுப்பும். கலத்துக்கு ஒரு சாவி. தான் அனுப்பிய கட்டளைகளை நேரத்தோடும் விரலோடும் அது தனக்குள் எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த முறை செருகும்போது எழுதியதையெல்லாம் ஆணையத்திடம் ஒப்பித்துவிடும்.

தணிகைநாதன் வந்து அவள் தலையிலிருந்து மைக்கை அவரே கழற்றினார். முரட்டுத்தனமாக இல்லை. மாலையைக் கழற்றுவது போல.

“வாம்மா. உள்ள பேசலாம்.”

கண்ணாடி அறைச் சுவர் முழுக்க ஏவுதல் படங்கள். ஒவ்வொரு படத்திலும் ராக்கெட்டைச் சுமந்து வந்த வண்டியின் சக்கரங்களுக்கு அடியில் நசுங்கிய எலுமிச்சம்பழங்கள். புளியங்குடிப் பழம். அந்தச் சந்தையில்தான் அவளுடைய அப்பா பேச்சிமுத்து மூட்டை தூக்குகிறார்.

“என்னம்மா இது? என்கிட்ட நேரா வந்திருக்கலாமே.”

“நேத்து வந்தேன் சார். ‘அது செத்தது, விடு’ன்னீங்க. அதுக்கு முந்தின நாளும் வந்தேன்.”

“யோசிச்சுப் பாத்தியா? பதினேழு உயிரோட இருக்குன்னா அறிக்கை பொய். அறிக்கை பொய்னா...” அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். “என் கையெழுத்து அதுல இல்ல. உன்னுது இருக்கு.”

இசக்கியின் காது சூடாகியது.

அந்த அறிக்கை எழுதிய நாள் ஒரு வியாழக்கிழமை. எரிபொருளைத் திறந்துவிட வேண்டிய நேரம் மதியம் ஒன்று ஐம்பத்திரண்டு. ஆன்டெனா தயார், சாவி தயார். தணிகைநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வியாழக்கிழமை ஒன்றரையிலிருந்து மூன்று ராகு காலம். “எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருக்கு, கடைசில எதுக்கு? அடுத்த சுத்துல பாத்துக்கலாம்” என்றார். அடுத்த சுற்று மூன்று முப்பத்தொன்றுக்கு வந்தது. அதற்குள் வால்வைச் சூடாக வைத்திருந்த பேட்டரி தீர்ந்து வால்வு உறைந்துவிட்டது. அவர் நாலு முறை கட்டளை அனுப்பினார். திறக்கவில்லை. கூடத்தில் அவரும், வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமே ஆன அவளும்தான் இருந்தார்கள். “திட்டப்படி ஒன்னு அம்பத்திரண்டுக்கே முடிஞ்சதுன்னு எழுதிடு. மேல போய் எவன் பாக்கப் போறான். இங்க போடும்மா” என்றார். போட்டாள்.

அவள் வீட்டில் எல்லாரும் கைநாட்டு. ரேஷன் கடையிலும் பேங்கிலும் நீல மையில் பெருவிரலைத் தேய்த்து வந்தவர்கள். கல்லூரி விண்ணப்பத்தில் அவள் போட்டதுதான் அந்தக் குடும்பத்தின் முதல் கையெழுத்து. அதற்காக ஒரு முழு நோட்டு எழுதிப் பழகியிருந்தாள். கடைசி எழுத்தைச் சுழித்து அடியில் ஒரு கோடு. அப்பா அதைப் பார்த்துவிட்டு, “மந்திரி கையெழுத்து மாதிரில்லா இருக்கு” என்றார். அந்த அழகான கையெழுத்தை அவள் முதன்முதலாகப் பொய்க்குப் போட்டது இந்தக் கூடத்தில்தான்.

கதவு திறந்தது. நிறுவனத்தின் சட்ட ஆலோசகர் மிருணாளினி. சென்னையிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை வருபவர். இன்றைக்கு இருந்தது யாருடைய நல்ல நேரமோ. கையில் மடிக்கணினி, முகத்தில் அவசரமே இல்லாத ஒரு சிரிப்பு.

“ஹாய் இஷா. உட்காரு.”

“இசக்கி மேடம்.”

“கார்டுல இஷான்னு இருக்கே?”

“நீங்க போட்டுக் குடுத்தது. வெளிநாட்டுக்காரங்க வாயில நுழையலைன்னு.”

மிருணாளினி அதைக் காதில் வாங்கிய மாதிரி தெரியவில்லை. “ஆணையத்துலேர்ந்து மெயில் வந்தாச்சு. ‘பதினேழு செத்ததாகத் தெரிவித்திருந்தீர்கள், சாவி கேட்டது எதற்கு? பதினொரு மணிக்குள் விளக்கவும்.’ நீ மறுபடி லைன்ல போய் ஒரே வரி சொன்னா போதும். ‘ஒத்திகைக்காகக் கேட்டது.’ முடிஞ்சது.”

“ஒத்திகை இல்ல மேடம். அது விழப்போகுது. தொட்டி எரியாது, முழுசா கீழ வரும். உள்ள இருக்கறது விஷம். ஊருக்குள்ள விழுந்தா மூச்சு விட்டவன் எவனும் எந்திரிக்க மாட்டான். பதினொன்னு பன்னெண்டுக்கு நம்ம தலைக்கு மேல தெக்க பாத்துப் போகுது. அந்த நேரம் எரியவிட்டா குமரிக்குத் தெக்கே, கப்பல் கூடப் போகாத கடல்ல இறங்கும். அங்கேர்ந்து தென் துருவம் வரைக்கும் வெறும் தண்ணிதான்.”

“ஆள் மேல விழ எவ்வளவு வாய்ப்பு?”

“மூவாயிரத்துல ஒன்னு.”

“அப்ப ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது தடவை ஒண்ணும் ஆகாது.” மிருணாளினி குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். “சட்டம் எப்படின்னு சொல்றேன், கேளு. தானா விழுந்தா அது விபத்து. நாம கை வச்சு, அது தப்பா எங்கயாவது போய் விழுந்தா, நாம போட்டதுன்னு ஆயிடும். கை வைக்காதவனைவிட வச்சவன் மேலதான் கேஸ் ஸ்ட்ராங்கா நிக்கும். அதனாலதான் எந்தக் கம்பெனியும் செத்ததைத் தொடறதில்ல.”

“அது செத்தது இல்ல.”

“சரி. நம்ம தலைக்கு மேல போகுதுன்னியே. நம்ம நாட்டுக்குள்ள விழுமா?”

“எதுக்குக் கேக்கீங்க?”

“உலக ஒப்பந்தம் ஒண்ணு இருக்கு. ஒரு நாடு அனுப்பினது இன்னொரு நாட்டுல விழுந்தா, தப்பு யாருதுன்னு கேள்வியே கிடையாது, அனுப்பின நாடு நஷ்ட ஈடு தந்தாகணும். நம்ம அரசாங்கம் தரும், தந்துட்டு நம்ம கழுத்தைப் பிடிக்கும். ஆனா அனுப்பின நாட்டோட சொந்தக் குடிமக்களுக்கு அந்த ஒப்பந்தம் பொருந்தாது. அவங்க உள்ளூர் கோர்ட்டுல கேஸ் போட்டுக்கணும். பதினஞ்சு வருஷம் இழுக்கும்.” மிருணாளினி தோளைக் குலுக்கினார். “நம்ம ஊருன்னா சமாளிச்சுக்கலாம்.”

இசக்கி அவர் முகத்தையே பார்த்தாள். கெட்டவர் முகமாக அது இல்லை. வாய்ப்பாடு ஒப்பிப்பவரின் முகமாக இருந்தது.

“வெளிநாட்டுக்காரன் செத்தா ஒப்பந்தம், எங்க அப்பன் செத்தா உள்ளூர் கேஸு. அப்படித்தான?”

“இமோஷனலாகாத.”

“ஆகல. மேடம், அது நம்ம ஊர்ல விழாது.” எழுந்து வெள்ளைப் பலகைக்குப் போனாள். பேனா எழுதவில்லை, உதறிவிட்டு எழுதினாள். “பன்னெண்டு நாப்பதுக்கு அடுத்த சுத்து. பூமி உருள உருள அதோட பாதை மேற்க நகரும். ஓமன். அதுக்கடுத்து எகிப்து, கென்யா. அப்புறம் ஜெர்மனி, இத்தாலி. மத்தியானம் ரெண்டுலேர்ந்து ஏழுக்குள்ள விழும்னு கணக்கு. அந்த நேரத்துல அது நம்ம பக்கமே வராது.”

மிருணாளினி பலகையைப் பார்த்தார். மடிக்கணினியில் எதையோ தட்டினார். அவர் கண் ஜெர்மனியில் நின்றதை இசக்கி கவனித்தாள். மூவாயிரத்தில் ஒன்று இப்போது பெரிய எண்ணாகிவிட்டது.

“தணிகை, தொட்டி நிறைஞ்சு இருக்குங்கறது நிஜமா?”

அவர் தலையாட்டினார்.

“நீங்க என்கிட்ட என்ன சொன்னீங்க? காலி பண்ணியாச்சுன்னு.”

“இந்தப் பொண்ணு... பயிற்சியில இருந்துச்சு. கவனிக்கல போல. எனக்கே இப்பதான் தெரியும்.”

பொய் அவர் வாயிலிருந்து எவ்வளவு வழவழப்பாக வந்தது என்பதில் இசக்கிக்கு ஒரு கணம் ஆச்சரியமே மேலோங்கியது. வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். மணி பத்து முப்பத்தாறு. சண்டை போட்டால் ஜெயிக்கலாம். ஜெயிப்பதற்குள் பதினேழு தலைக்கு மேல் போய்விடும்.

மிருணாளினி பத்து நிமிடம் தட்டினார். பக்கத்து அறையில் அச்சு இயந்திரம் உறுமியது. ஒரு தாள் வந்தது.

“இதான் வழி. நிறுவனம் இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சது, கண்டுபிடிச்ச உடனே பொறுப்போட செயல்பட்டது. மறைச்சது ஒரு தனி நபர். இதுல கையெழுத்துப் போடு, தணிகை சாவி குடுப்பார். போடலைன்னா நாங்க ஆணையத்துக்கு ‘ஒத்திகை’ன்னே எழுதிடுவோம். உனக்கு வக்கீல் வச்சுத் தர்றேன், அது என் பொறுப்பு. முதல் தப்பு, சின்ன வயசு. ஒரு வருஷத்துக்கு மேல போகாது.”

“ஒரு வருஷம் எங்க மேடம்? ஹாஸ்டல்லயா?”

மிருணாளினி தாளை அவள் பக்கம் நீட்டினார்.

தாளை வாங்கினாள். மூன்று வருடத்துக்கு முன் படிக்காமல் போட்டாள். இன்றைக்கு இரண்டு முறை படித்தாள். ‘எவருடைய அறிவுறுத்தலும் இன்றி, எவருக்கும் தெரியாமல், நானே தவறான நேரத்தைப் பதிவுசெய்தேன்.’ நல்ல தமிழ். ஒரு பிழை இல்லை, ஒரு வரி உண்மை இல்லை.

தணிகைநாதன் ஜன்னல் பக்கம் போயிருந்தார். வெளியே தேரிக்காட்டின் செம்மணல் மேடு வெயிலில் தகித்தது. அவர் நெற்றியில் வியர்வை, இந்த ஏசியில். மிருணாளினிக்கு அது தெரியவில்லை. சட்டம் முழுக்கப் படித்தவர், சாவி ஒன்றைக்கூடக் கையால் தொட்டதில்லை.

“மேடம்,” என்றார் அவர். “சாவி வேணாமே. வேற வழி...”

“வேற வழி என்ன இருக்கு? ஜெர்மனி, தணிகை! பொய் அறிக்கைன்னா காப்பீடும் கிடையாது. நம்ம கதையே முடிஞ்சுடும். இந்தப் பொண்ணே பொறுப்பு ஏத்துக்கறா, உங்களுக்கு என்ன?”

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். என்ன சொல்வார்.

இசக்கி கையெழுத்துப் போட்டாள். கடைசி எழுத்தைச் சுழித்தாள். அடியில் கோடு.

சாவி அவர் அறையில் சாமி படத்துக்குப் பின்னால், மஞ்சள் துணியில் முடிந்து இருந்தது. மூன்று வருடமாக யாரும் தொடாத முடிச்சு. பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியிருந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தபோது மணி பதினொன்று ஆறு.

இசக்கி இருக்கையில் உட்கார்ந்து மைக்கை மாட்டினாள். ஜெரால்டு பக்கத்தில் திரையை இழுத்து வைத்தான். வியர்த்த விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

“சுத்திக்கிட்டே வருதுட்டி. இருபத்திரண்டு செகண்டுக்கு ஒரு சுத்து.”

“தெரியும். பக்கவாட்டுச் சின்னக் குழாய்களைத் திறந்து சுத்தறத நிறுத்திட்டுதான் எரிக்கணும். நீ சுத்தை மட்டும் சொல்லு.”

தணிகைநாதன் அவள் தோளுக்குப் பின்னால் குனிந்தார். மைக்கில் விழாத குரலில் கேட்டார்.

“சாவியைச் செருகினா என்ன ஆகும்னு தெரிஞ்சுதானே கேட்ட?”

“ஆமா சார்.”

“பொது லைன்ல கேட்டதும் அதுக்குத்தான்.”

“இல்ல. அது நீங்க மூணாவது நாளும் ‘விடு’ன்னு சொல்லுவீங்கன்னு.” திரையிலிருந்து கண் எடுக்காமல் சொன்னாள். “வெள்ளிக்கிழமை சார் இன்னைக்கு. பத்தரையிலேர்ந்து பன்னெண்டு. அடுத்த சுத்துல பாத்துக்கலாமா?”

அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. அவர் நினைத்தால் மறுக்கலாம். சாவி உடைந்துவிட்டது என்று சொல்லலாம், கீழே போட்டு மிதிக்கலாம், ஐம்பது வயது மனிதருக்கு ஆயிரம் வழி. பிறகு அவர் கை அவள் தோளைத் தாண்டி வந்தது. கட்டைவிரலை அழுத்தி, சாவியைச் செருகினார். சின்ன விளக்கு மஞ்சளில் சிமிட்டிவிட்டுப் பச்சையானது.

“குடுத்துட்டேன்,” என்றார்.

பதினொன்று பன்னிரண்டு. வடக்கு அடிவானத்தில் பதினேழு எழுந்தது. முனகல் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. மூன்று வருடம் செத்துக் கிடந்த ஒன்றின் குரல்.

“சுத்து குறையுது,” என்றான் ஜெரால்டு. “செகண்டுக்குப் பதினாறு டிகிரி... ஒம்போது... நாலு... நிக்குது, நிக்குதுட்டி!”

இசக்கி கட்டளையை அனுப்பினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு விநாடி. மூன்று. நான்காவது விநாடியில் திரையில் கோடு சரிந்தது.

“எரியுது!”

நாற்பத்தொரு விநாடி எரிய வேண்டும். முப்பதாவது விநாடியில் கலம் மறுபடி ஆடத் தொடங்கியது. முப்பத்தைந்தில் இருமியது. யாரோ பின்னால் முருகா என்றார்கள். முப்பத்தொன்பதில் தீர்ந்துபோய் நின்றது.

“போதுமா?” ஜெரால்டின் குரல் உடைந்தது. “ஏட்டி, போதுமா?”

அவள் வேகத்தைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். தாளில் பேனாவால் கணக்குப் போட்டுப் பார்த்தாள்; கணினி சொன்னதை அவள் நம்பத் தயாராக இல்லை.

“போதும். இனி அதால ஒரு சுத்து ஏற முடியாது. முப்பது நிமிஷத்துல தெக்கே தண்ணியில.”

ஒருவன் கை தட்டினான். இரண்டு பேர் சேர்ந்தார்கள். மிருணாளினி கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தபோது முகத்தில் நிம்மதி இருந்தது. காதில் போன் இருந்தது.

“ஆமா சார், நிறுவனம்தான் முன்வந்து... ஆமா, வாக்குமூலம் அனுப்பிட்டோம்... என்னது?” நடையை நிறுத்தினார். “தணிகை, ஆணையத்துலேர்ந்து. சாவியோட பதிவு அவங்களுக்குப் போயிருக்காம். மூணு வருஷத்துக்கு முன்ன, மூணு முப்பத்தொண்ணு, நாலு தடவை, உங்க விரல்னு என்னவோ கேக்கறாங்க. அது என்ன மூணு முப்பத்தொண்ணு?”

தணிகைநாதன் காலி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். மஞ்சள் துணியை மடித்தார். மறுபடி பிரித்தார்.

“தணிகை?”

இசக்கி மைக்கைக் கழற்றி மேசையில் வைத்தாள். கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். இஷா சிரித்துக்கொண்டிருந்தாள். டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

வாசலில் ஜெரால்டு வந்து பிடித்தான். “எங்க போற?”

“மெட்ராஸுக்கு. ஆணையத்துக்கு.”

“எதுக்குட்டி? சாவிதான் எல்லாத்தையும் சொல்லிட்டுதே! அந்தாளுதான் மாட்டுவாரு. நீ வீட்டுக்குப் போய்க் கமுக்கமா இரு. நீயா போனா உன்னையும்ல உள்ள வைப்பாவ.”

“வைக்கட்டும்.”

“உங்க அய்யாவ நெனச்சுப் பாத்தியா?”

நினைத்துத்தான் இருந்தாள். காலையில் பொது லைன் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே நினைத்து முடித்திருந்தாள். பையில் டிக்கெட் இருந்தது, நேற்றே எடுத்தது.

“மூணு முப்பத்தொண்ணு அவரு விரலு. ஒன்னு அம்பத்திரண்டு என் கை. அந்தாளு என் கையைப் பிடிச்சு எழுதல.” செருப்பை மாட்டிக்கொண்டாள். “எங்க வீட்ல எழுதத் தெரிஞ்சது எனக்கு ஒருத்திக்குத்தான். ரெண்டு கையெழுத்து போட்டுருக்கேன் இந்த ஆபீஸ்ல. ரெண்டும் பொய். மூணாவது ஒன்னு போடணும்.”

கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலுக்குள் இறங்கினாள்.